கட்டுப்படியாகும் விலையில் முதல் வேட்டைத் துப்பாக்கி வாங்குவது எப்படி?

மான் வேட்டைக்குப் போகப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஜெயில்ல போட மாட்டாங்களாடா?" அவர் பயந்ததில் தப்பே இல்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை என்றால் வழக்கு, சிறை, செய்தித்தாளில் படம். நான் குடியிருக்கும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கதை வேறு. நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்குகிறது. 2019க்கு முன்பு அது திங்கட்கிழமையில் தொடங்கும்; அந்தப் பழக்கத்தில் இன்றும் பல பள்ளிகள் அந்தத் திங்களன்று விடுமுறை விடுகின்றன. மான்கள் தோட்டத்தை மேய்வதும் இரவில் காரின் குறுக்கே பாய்வதும் இங்கே அன்றாடச் செய்தி. அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கத்தான் மாநில அரசே உரிமம் கொடுத்து வேட்டைக்கு அனுப்புகிறது.

சீசன் நெருங்கினால் நம் ஆட்களில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்பார்: "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? நல்லா குறி விழணும், ரொம்ப செலவும் கூடாது." இன்றைக்கு 500 டாலர் துப்பாக்கியே உங்களைவிட நன்றாகச் சுடும். மிச்சப் பணத்தை ஸ்கோப்புக்கும் (துப்பாக்கி மேல் மாட்டும் குறிநோக்கி) தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் வையுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கடைக்குப் போகும் முன்

முதலில் விசா விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்கு விதிவிலக்குகள் உண்டு. நமக்குப் பொருந்துவது, அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. அதாவது உரிமம் முதலில், துப்பாக்கி அப்புறம். வரிசையை மாற்றினால் விஷயம் குடியேற்ற வழக்கறிஞர் வரை போய்விடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலைமையில் கொஞ்சம் குழப்பம் இருந்தாலும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். துப்பாக்கிக் கடைக்காரர் சொல்வதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதன்முறை உரிமம் எடுப்பவர்கள் பென்சில்வேனியாவில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். மற்ற மாநிலங்களிலும் பெரும்பாலும் இப்படித்தான். இணையத்திலேயே முடித்துவிடலாம் என்றாலும், நேரில் வகுப்பு கிடைத்தால் நேரில் போங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெரியவர் வெற்றுத் துப்பாக்கியை எல்லோர் கையிலும் கொடுத்து, குழலின் வாய் யார் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் வகுப்பில் பாதிப் பேர் ஒருவரையொருவர் "சுட்டுவிட்டோம்". எந்த வீடியோவும் அதை எனக்குப் புரிய வைத்திருக்காது.

உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அதன்மேல் பின்னணிச் சோதனை நடக்கும். ரைஃபிளுக்குக் குறைந்த வயது 18. அந்தப் படிவத்தின் கேள்விகளில் ஒன்று, துப்பாக்கி உண்மையில் உங்களுக்குத்தானா என்பது. விசாவில் இருக்கும் நண்பர், "என் பேர்ல வாங்க முடியாது, நீ வாங்கிக் கொடு, காசு தந்துடறேன்" என்றால் நட்பைப் பார்க்காமல் மறுத்துவிடுங்கள். அது மத்தியக் குற்றம்.

மாநில விதிகளையும் இப்போதே படித்துவிடுவது நல்லது, ஏனென்றால் என்ன வாங்கலாம் என்பதையே அவைதான் தீர்மானிக்கின்றன. பென்சில்வேனியாவில் தானாகத் தோட்டா ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் மான் சுடக்கூடாது. ஒஹாயோவில் நேர்ச்சுவர்த் தோட்டா, அதாவது கழுத்து குறுகாத உருளை வடிவத் தோட்டா போடும் ரைஃபிள்களுக்கு மட்டுமே அனுமதி. .350 லெஜெண்ட் என்ற தோட்டா 2019இல் வந்ததே இந்த மாதிரி மாநிலங்களைக் குறிவைத்துத்தான். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. பக்கத்து மாநில நண்பர் வாங்கியதையே நானும் வாங்குகிறேன் என்று கிளம்பியவர் ஒருவர், அதை இன்னும் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

துப்பாக்கிக் கடையில் அடிக்கடி காதில் விழும் சொல் எம்ஓஏ. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கெஜத் தொலைவில் அது 1.047 அங்குலம், பேச்சுக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வார்கள். ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சில தோட்டாக்கள் சுட்டால் துளைகள் ஒரு கொத்தாக விழும். 100 கெஜத்தில் அந்தக் கொத்து ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் அது 1 எம்ஓஏ துப்பாக்கி. 200 கெஜத்தில் அதே துப்பாக்கி இரண்டு அங்குலம் பரவும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வெள்ளைவால் மானின் முன்னங்காலுக்குப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சாப்பாட்டுத் தட்டு அளவு, சுமார் 8 அங்குல விட்டம். உங்கள் துப்பாக்கி சுமாரானது, 2 எம்ஓஏதான் என்றே வைத்துக்கொள்வோம். 200 கெஜத்தில் கொத்து நான்கு அங்குலம், அதாவது குறியின் நடுவிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகாது. தட்டுக்குள் இன்னும் தாராளமாக இடம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் காட்டில் 100 கெஜத்துக்கு மேல் கண் எட்டும் இடம் கிடைப்பதே அரிது.

தட்டுக்கு வெளியே குண்டைத் தள்ளுவது பெரும்பாலும் ஆள்தான். புதியவர் ஒருவரை நின்றபடி, எதிலும் சாயாமல் 100 கெஜத்தில் சுடச் சொல்லிப் பாருங்கள், கொத்து தட்டைத் தாண்டிவிடும். அதே துப்பாக்கியை மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் ஓர் அங்குலம். அரை எம்ஓஏ துப்பாக்கிக்கு இன்னும் ஆயிரம் டாலர் கொடுத்தால் முதல் கொத்து சுருங்கப் போவதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

விளம்பரத்திலும் இணைய வீடியோவிலும் காட்டும் கொத்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூன்று தோட்டாக் கொத்து தற்செயலாகச் சின்னதாக விழும். அதைப் படம் பிடித்துப் போடுவார்கள், பெரிதாக விழுந்த நான்கு கொத்துகளைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஐந்து தோட்டாக் கொத்து, அதுவும் மூன்று நான்கு கொத்துகளின் சராசரி, அதுதான் நம்பத்தக்க எண்.

தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் துப்பாக்கி

என் முதல் தவறு இங்கேதான். "பெரிசா வாங்கிடு, நாளைக்கு எல்க் மாதிரி பெரிய மான் வேட்டைக்கும் ஆகும்" என்று ஒருவர் சொல்ல, .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினேன். முதல் நாள் ஆறாவது தோட்டாவிலேயே தோள் கன்றிவிட்டது. ஏழாவதில் ஸ்கோப் புருவத்தில் இடித்து ரத்தம். அதைவிட மோசம், அதன்பின் விசையை அழுத்தும் கணத்தில் என்னையறியாமல் கண்ணை மூடி உடம்பை இறுக்கிக்கொள்ள ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் போக இரண்டு வருடமும் உதை தெரியாத சின்ன .22 தோட்டாக்கள் ஆயிரக்கணக்கிலும் தேவைப்பட்டன. எல்க் வேட்டைக்கு இன்றுவரை போகவில்லை.

மானுக்கு என்றால் இவற்றில் ஒன்று போதும்:

.243 வின்செஸ்டர் (1955). உதை மிகக் குறைவு. ஒல்லியான உடம்புக்காரர்கள், பதின்வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பயமில்லாமல் பழகலாம். குண்டு சிறியது என்பதால் சுடும் இடம் சரியாக இருக்க வேண்டும்.

6.5 கிரீட்மோர் (2007). ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிக்காகக் கொண்டுவந்தது, பிறகு வேட்டைக்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். உதை மிதம். மலிவான துப்பாக்கியிலும் நன்றாகக் குறி விழும் என்று பெயர் வாங்கியது. இதை வைத்து நடக்கும் கிண்டலையும் சண்டையையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

.308 வின்செஸ்டர் (1952). இதன் தோட்டா கிடைக்காத ஊர்க் கடை கிடையாது. 6.5ஐவிட உதை கொஞ்சம் கூடுதல், ஆனால் பழகிவிடும்.

7எம்எம்-08 (1980) அருமையான தோட்டா. ஆனால் சின்ன ஊர்க் கடைகளில் சீசன் முந்தின நாள் தேடினால் கிடைக்காமல் போகலாம். .270 (1925), .30-06 (1906) இரண்டும் தாத்தா காலத்துத் தோட்டாக்கள், இன்றும் மான் விழுகிறது. .30-06 மட்டும் தோளுக்குச் சற்றுக் கனம்.

.300 மேக்னத்தின் உதை .243ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முதல் துப்பாக்கிக்கு அது வேண்டவே வேண்டாம். என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்கு 6.5 கிரீட்மோர் அல்லது .308. எது உங்கள் ஊர்க் கடை அலமாரியில் அதிகம் அடுக்கியிருக்கிறதோ அது.

ஏன் மலிவானதே போதும்?

முப்பது வருடத்துக்கு முன்னால் இந்தப் பேச்சே வேறாக இருந்திருக்கும். அப்போது நல்ல துப்பாக்கிக்குக் கைத்தொழில் அதிகம். குழலைத் துப்பாக்கியின் உலோக உடலோடு பொருத்துவது, தோளில் அணைக்கும் மரக்கட்டையை உலோகத்தோடு இழைத்துச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் அனுபவசாலி ஒருவர் உட்கார வேண்டும். இப்போது கணினி எந்திரம் நுணுக்கமாக வெட்டிக் கொடுத்துவிடுகிறது. இன்னொரு தந்திரம், குழலைத் திருகி அளவுக்கருவியால் சரிபார்த்து, ஒரு பெரிய நட்டால் இறுக்கிவிடுவது. சாவேஜ் நிறுவனம் 1958இல் வந்த 110 துப்பாக்கியிலிருந்தே இதைச் செய்கிறது. தயாரிப்புச் செலவு இதில் வெகுவாகக் குறைகிறது. சிக்கனத்துக்காகக் கண்டுபிடித்த இந்த நட்டு துல்லியத்தைக் கெடுக்கவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

பிளாஸ்டிக் கட்டையும் அப்படித்தான். பார்க்க ஏதோ பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். ஆனால் மழைக்கு ஊறாது, வெயிலுக்குக் கோணாது. மரம் அழகு, எனக்கும் ஆசைதான். நவம்பர் பனியில் மூன்று நாள் நனைந்த மரக்கட்டை ஊதி, குழலை ஒரு பக்கம் தள்ளிக் குறியை மாற்றிவிடும்.

சரி, பெயர்களுக்கு வருவோம். இவை எல்லாமே போல்ட் ஆக்ஷன், அதாவது ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளிச் சுடும் வகை.

சாவேஜ் ஆக்சிஸ்: சுமார் 400 டாலர். பளபளப்பு எதிர்பார்க்காதீர்கள், குறி விழும். பழைய அடிப்படை வகையில் டிரிகர், அதாவது விசை, அழுத்த மிகவும் கனம். அக்யூடிரிகர் என்ற, கனத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடிய விசை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த வேறுபாட்டுக்குக் கொடுக்கும் சில்லறைப் பணம் இந்தக் கட்டுரையிலேயே சிறந்த செலவு.

ரூகர் அமெரிக்கன்: 2012இல் சந்தைக்கு வந்தது, 500 டாலரிலிருந்து 600க்குள். கட்டைக்குள் உலோகப் பிடிமானத் துண்டுகளை வார்த்து வைத்திருப்பதால் துப்பாக்கி உள்ளே ஆடாது. என் சிபாரிசு இதுதான்.

மாஸ்பெர்க் பேட்ரியட் இதே விலைப் பட்டியலில் வரும், மரக்கட்டையுடனும் கிடைக்கும். ஹோவா 1500, வெதர்பி வேன்கார்டு இரண்டையும் செய்வது ஜப்பானின் ஹோவா நிறுவனமே. கொஞ்சம் கனமானவை, திடமானவை. கனம் மலையேற்றத்துக்கு எதிரி, உதைக்கு மருந்து.

டிக்கா டி3எக்ஸ்: பின்லாந்தின் ரீஹிமேக்கியில் சாக்கோ தொழிற்சாலையில் தயாராகிறது. 800, 900 டாலர் ஆகும். வெண்ணெய் போல நகரும் போல்ட், கண்ணாடி உடைவது போலத் தெளிவாக விடுபடும் டிரிகர். 100 கெஜத்தில் மூன்று தோட்டா ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று நிறுவனமே உறுதி தருகிறது. கையில் பணம் இருந்தால் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். ஆனால் ரூகர் வாங்கி மிச்சம் 300 டாலருக்குத் தோட்டா வாங்கிப் பழகியவர், டிக்கா வாங்கி ஒரே பெட்டித் தோட்டாவோடு காட்டுக்குப் போனவரை எளிதாக முந்திவிடுவார்.

கையில் எடுத்துப் பாருங்கள்

கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதல் வேலை, குழலின் வாயை யாரும் இல்லாத பக்கம் வைத்துக்கொண்டு போல்ட்டைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. விற்பவர் பார்த்துவிட்டார் என்றாலும் நீங்களும் பாருங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள். நீங்கள் பார்க்கவில்லை என்றால்தான் முகம் மாறும்.

வேட்டைக்குப் போடப்போகும் குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் ஆள் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. வழக்கமான கட்டையில் விசைக்கும் பின்முனைக்கும் இடையே 13.5 அங்குலம் அளவில் இருக்கும். ஆறடி அமெரிக்கருக்கு அளவெடுத்தது. ஐந்தடி நான்கு அங்குலம் இருப்பவர் தடித்த கோட்டும் போட்டால் கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் காம்பாக்ட் என்ற பெயரில் கட்டை குட்டையான வகையும் விற்கின்றன. அது பிள்ளைகளுக்கானது என்று கூச்சப்படாதீர்கள். என் மனைவியுடையதும் அதுதான், இப்போது என்னுடையதும் அதுதான்.

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் நடுவில் பார்வை போய் நின்றால் உங்களுக்கு அமைந்த துப்பாக்கி. தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் கட்டை தாழ்வு. வேறொன்றைக் கேளுங்கள், அல்லது கன்னப்பட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

எந்தக் கண் உங்களுடைய ஆதிக்கக் கண் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் சின்ன வட்டம் செய்து தூரத்து மின்விளக்கை அதற்குள் பிடித்து, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணுக்கு விளக்கு வட்டத்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் இருப்பது அபூர்வமல்ல. அப்படியானால் இடதுபக்கம் போல்ட் உள்ள வகையையும் பரிசீலிக்கலாம்.

அனுமதி கேட்டு, வெற்றுத் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பாருங்கள். மூன்று, நான்கு பவுண்டு அழுத்தத்தில், இழுபறி இல்லாமல் சட்டென்று விடுபட வேண்டும். மணலில் கல்லை இழுப்பது போல் சரசரவென்று வந்தால் வேண்டாம்.

சேஃப்டியை, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டை, கையுறையோடு தள்ளிப் பாருங்கள், சத்தம் எவ்வளவு வருகிறது என்றும் கேளுங்கள். ரூகர் அமெரிக்கனில் சேஃப்டி போட்டபடியே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். டிக்காவில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், தோட்டாவை எடுக்க அதை விடுவித்தாக வேண்டும். இரண்டிலும் நியாயம் உண்டு, எது எப்படி என்று தெரிந்து வாங்குங்கள்.

கடைசியாக, ஒரு டாலர் நோட்டை குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகிப் பின்னால் இழுங்கள். தடங்கலின்றிப் போனால் குழல் எதிலும் படாமல் மிதக்கிறது. முன்பகுதியை விரலால் அழுத்தும்போது நோட்டு சிக்கினால் கட்டை வளைகிறது என்று பொருள். மலிவுத் துப்பாக்கிகளின் நிஜமான பலவீனம் இதுதான்.

ஸ்கோப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஸ்கோப் மாட்டியே விற்கும் பொதி விலை கவர்ச்சியாக இருக்கும். அதில் வரும் ஸ்கோப் பெரும்பாலும் சும்மா பேருக்கு. மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த அரை வெளிச்சத்தில் மலிவுக் கண்ணாடியில் மானும் புதரும் ஒன்றாகத் தெரியும். துப்பாக்கியைத் தனியாக வாங்கி, 200 டாலர் அளவில் 3-9x40 ஸ்கோப் (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்) ஒன்று மாட்டுங்கள். லியுபோல்ட், வோர்டெக்ஸ், பரிஸ் மூன்றிலும் அந்த விலையில் நம்பகமானவை உண்டு. அதைவிடப் பெரிய உருப்பெருக்கம் காட்டுக்குள் தொல்லைதான். 20 கெஜத்தில் மான் வந்து நின்றால் ஸ்கோப் முழுக்க ரோமம் மட்டும் தெரியும்.

துப்பாக்கி குறி தவறுகிறது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்கோப் திருகுதான் தளர்ந்திருந்தது. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் அடிப்பட்டையையும் வளையங்களையும் பட்ஜெட்டில் சேருங்கள், 40, 50 டாலர். அங்குல-பவுண்டு காட்டும் சின்னத் திருப்புளியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வளையத் திருகுகளுக்கு அது வழக்கமாக 15க்கும் 20க்கும் இடையே இருக்கும். கைபலத்தைக் காட்டினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குல இடைவெளி வையுங்கள்; என் புருவத் தழும்பு அதற்குச் சாட்சி.

கணக்கைக் கூட்டினால்: துப்பாக்கி 500, ஸ்கோப் 200, வளையம் 50, தோட்டா 150, காதுக்கவசம், கண்ணாடி, துடைக்கும் சாமான், பூட்டு எல்லாம் சேர்த்து 100. ஆயிரம் டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே கொஞ்சம் மிகைதான், ஆனால் பாதிக்குப் பாதி நிச்சயம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கட்டும் 11 சதவீதத் தனி வரி, 1937 முதல் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது என்பதை அம்மாவிடம் சொன்னேன். "அதையும் நீயே சுட்டுட்டு, அதுக்கே காசும் கொடுக்கறியா" என்றார்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். வருடத்துக்கு ஐந்து தோட்டா சுட்டுவிட்டு அலமாரியில் வைத்த துப்பாக்கிகள் ஏராளம். குழலுக்குள் விளக்கடித்து, குண்டைச் சுழலவைக்கும் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, துரு உண்டா என்று பாருங்கள். குழல் வாயின் விளிம்பில் நசுக்கல் இருந்தால் குறி கெடும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் நோண்டியிருக்கிறார்கள். வரிசை எண்ணை வைத்துத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்று பார்த்துவிடுங்கள். ரெமிங்டன் 700 நல்ல துப்பாக்கிதான், ஆனால் எக்ஸ்மார்க் புரோ டிரிகர் வைத்த துப்பாக்கிகளை 2014இல் அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது. சரிசெய்யப்படாதது சந்தையில் இன்னும் சுற்றலாம்.

ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) முதல் நாள்

காதுக்குள் பஞ்சடைப்பான் ஒன்று, அதன்மேல் கவசம் ஒன்று. ரைஃபிள் சத்தம் 160 டெசிபலை ஒட்டியது. ஒரே ஒரு முறை கவசமின்றிக் கேட்டால் போதும், காதில் ரீங்காரம் ஆயுளுக்கும் தங்கிவிடலாம்.

வேறுவேறு நிறுவனத் தோட்டாக்களில் மூன்று பெட்டி வாங்கிப் போங்கள், விலை மலிந்த ரகமே போதும். ரெமிங்டன் கோர்-லாக்ட் 1939 முதல் மான் வீழ்த்திக்கொண்டிருக்கிறது. ஒரே துப்பாக்கி ஒரு தோட்டாவை இரண்டரை அங்குலத்துக்குச் சிதறடிக்கும், இன்னொன்றை ஓர் அங்குலத்தில் சேர்க்கும். காரணத்தைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல், அதற்குப் பிடித்ததைக் கண்டுபிடித்து அதிலேயே நான்கைந்து பெட்டி வாங்கி வையுங்கள். ஆயிரம் டாலர் துப்பாக்கிக்கு மாறியும் கிடைக்காத முன்னேற்றம் இதில் கிடைக்கும்.

குறி சேர்க்க 25 கெஜத்தில் தொடங்குங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாக இலக்கின் மையத்தைப் பாருங்கள், துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அதே மையத்துக்குத் திருப்புங்கள். அப்புறம் ஒரு தோட்டா. ஸ்கோப்பின் ஒரு சொடுக்கு வழக்கமாக 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 25 கெஜத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். ஓர் அங்குலம் நகர்த்த 16 சொடுக்கு. நான்கு சொடுக்கு திருகிவிட்டு "ஸ்கோப் வேலை செய்யலை" என்று திரும்பக் கொடுக்கப் போனவரை எனக்குத் தெரியும், அது நான்தான்.

25இல் சரியானதும் 100 கெஜத்துக்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டுச் சரிசெய்யுங்கள். .308இல் 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு என்றால் 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே விழும்படி வையுங்கள். 200இல் ஏறக்குறைய நேராக விழும், 300இல் எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். 200க்குள் மானின் நடுவைக் குறிவைத்தால் போதும், கணக்குப் போட வேண்டியதில்லை. 300 கெஜத்தை முதல் சில வருடங்களுக்கு மறந்துவிடுங்கள்.

வேட்டைத் துப்பாக்கியின் குழல் மெலிது, நான்கைந்து தோட்டாவில் காபி டம்ளர் மாதிரி சுடும், கொத்தும் பரவ ஆரம்பிக்கும். கையால் பிடித்து ஐந்து எண்ணும்வரை தாங்க முடியவில்லை என்றால் ஆறவிடுங்கள். காட்டில் நீங்கள் சுடப்போவது ஆறிய குழலிலிருந்து ஒரே ஒரு தோட்டா. அந்த முதல் தோட்டா எங்கே விழுகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் மேசையை விட்டு எழுந்திருங்கள். மரத்தில் சாய்ந்து, முழங்கால் போட்டு, உட்கார்ந்து சுட்டுப் பழகுங்கள். எந்த நிலையில் எத்தனை கெஜம்வரை ஐந்துக்கு ஐந்தும் 8 அங்குலத் தட்டில் விழுகின்றனவோ, அதுவே உங்கள் எல்லை. எனக்கு மரத்தில் சாய்ந்தால் 150, சும்மா நின்றால் 60. அதற்கு அப்பால் நிற்கும் மானை நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன்.

இந்த எண்களை ஒரு வெள்ளைப் பட்டையில் எழுதிக் கட்டையின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன், எந்தத் தோட்டாவுக்கு என்பதையும் சேர்த்து. சீசனுக்கு முந்தின வாரம் ரேஞ்சுக்குப் போய் ஆறிய குழலில் ஒரே ஒரு தோட்டா சுட்டு, போன வருடத் துளை இருந்த இடத்திலேயே விழுகிறதா என்று பார்ப்பேன். விழுந்தால் துடைத்துப் பூட்டிவைத்துவிட்டு, மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காகச் சட்டப்படி அணிய வேண்டிய 250 சதுர அங்குல ஆரஞ்சுத் துணியைத் தேடி அலமாரியைக் குடைய வேண்டியதுதான்.